வாடகை வீட்டில டக்ட் கிளீனிங்: காசு ஆர் கட்டுறது? (ஸ்காபரோ, ரொறன்ரோ, கனடா)

தறப்பாள்:
வணக்கம் எல்லாருக்கும். ஸ்காபரோவில ஒரு பழைய பங்களோவின்ர மேல்வீட்டில வாடகைக்கு இருக்கிறம். பேஸ்மன்டில வேற குடும்பம். வீட்டுக்காரர் மார்க்கம் நகரத்தில இருக்கிறார், எங்கட ஆள்தான், கோயில் திருவிழாவில காணுற மனுசன். வீட்டைச் சூடாக்கிற ஃபேர்னஸ் ரெண்டு வீட்டுக்கும் ஒண்டு, அது கீழ லோண்டரி அறைக்குள்ள இருக்கு. அதில இருந்து சூட்டுக் காத்தை அறைகளுக்குக் கொண்டுபோற தகரக் குழாய்தான் டக்ட்.

கோடையில பேஸ்மன்டை உடைச்சுத் திருத்தினவர். டிரைவோல் (ஜிப்சம் சுவர்ப் பலகை) வெட்டி, சாண்டிங் அடிச்சு, பெயின்ட் பூசி, ஒரு மாசத்துக்கு மேல வேலை நடந்தது. குளிர் தொடங்கி ஹீட்டைப் போட்டதில இருந்து மேல எங்களுக்கு வெள்ளைத் தூள் கொட்டுது. காலமை டிவி மேசையைத் துடைச்சா பின்னேரம் அதில விரலால பேர் எழுதலாம். சாப்பாட்டறையில சூட்டுக் காத்து வாற வென்ட் மூடியைக் கழட்டி போன் லைட்டை அடிச்சுப் பார்த்தன். டிரைவோல் துண்டுகள், வளைஞ்ச ஆணி ரெண்டு, கோப்பிக் கப் மூடி ஒண்டு, எல்லாத்துக்கும் மேல மா அரிச்சு விட்ட மாதிரி ஒரு வெள்ளைப் படை. மகளுக்கு இருமலும் விடுகுதில்லை. அது உதாலதானோ எண்டு டொக்டரும் உறுதியாச் சொல்லேல்லை.

வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில படம் அனுப்பினன். "டக்ட் கிளீனிங் உங்கட பொறுப்பு தம்பி, லீஸைப் பாருங்கோ" எண்டு பதில். பார்த்தா உண்மைதான். லீஸுக்குப் பின்னால சேர்த்த தாளில, ஃபேர்னஸ் பில்டர் மாத்துறதும் வருசம் ஒருக்கா டக்ட் கிளீன் பண்ணுறதும் வாடகைக்காரர் செலவு எண்டு கிடக்கு. கீழ என்ர கையெழுத்து.

ஒரு இடத்தில விலை கேட்டன், 450 டொலரும் வரியும். மச்சான் ஒருத்தர் சொல்லுறார், நீ செய்விச்சுப்போட்டு அடுத்த மாச வாடகையில கழிச்சுக் குடு எண்டு. அப்பிடிச் செய்யலாமோ?

பிரிவு_33:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கழிக்க வேண்டாம். உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும், வாடகையில் 450 குறைந்தால் சட்டத்தின் கண்ணில் அது வாடகைப் பாக்கி. அவர் என்4 நோட்டீஸ் (வாடகை கட்டாததற்கான வெளியேற்ற அறிவிப்பு) தரலாம், அடுத்ததாக போர்டில், அதாவது உரிமையாளர், வாடகைக்காரர் தகராறுகளைத் தீர்க்கும் மன்றத்தில், எல்1 என்ற வெளியேற்ற மனு போடலாம். அங்கே போய் நின்றால் டக்ட் பேச்சு பின்னால் போய்விடும், நீங்கள் வாடகை கட்டாதவர் என்பதுதான் முன்னால் நிற்கும். மச்சான்மார் சொல்லும் சட்டத்தால் வீடு இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி விஷயம். ஒன்ராறியோவின் வாடகைக் குடியிருப்புச் சட்டம் 2006இல் டக்ட் கிளீனிங்குக்கென்று தனிப் பிரிவு கிடையாது. மூன்று பிரிவுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 20ஆம் பிரிவு: வீட்டை நல்ல பழுதற்ற நிலையில், குடியிருக்கத் தகுந்ததாக, சுகாதார, பாதுகாப்பு, பராமரிப்பு விதிகளுக்கு ஏற்ப வைத்திருப்பது வீட்டு உரிமையாளர் கடமை. 33: வீட்டின் சாதாரணத் துப்புரவு வாடகைக்காரர் கடமை. 34: வாடகைக்காரரோ அவருடன் இருப்பவர்களோ வேண்டுமென்றோ கவனக்குறைவாகவோ செய்த சேதத்தை அவரே சீர்செய்ய வேண்டும்.

சாதாரணத் துப்புரவு என்றால் கூட்டுவது, துடைப்பது, அடுப்பைக் கழுவுவது, வென்ட் மூடியில் படிந்த தூசியை வாக்குவம் பண்ணுவது. சுவருக்கும் தளத்துக்கும் உள்ளே ஓடும் தகரக் குழாய் வீட்டின் சூடாக்கும் அமைப்பைச் சேர்ந்தது. அதை ஆள் பிடித்து, இயந்திரம் வைத்துச் சுத்தம் செய்வதை 33க்குள் திணிப்பது கடினம். உங்கள் விஷயத்தில் குப்பையே அவர் செய்வித்த வேலையில் வந்தது. 34ஐயும் அவர் தூக்க முடியாது.

கையெழுத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். சட்டத்துக்கு முரணான ஒப்பந்த வாசகம் செல்லாது என்று 4ஆம் பிரிவு சொல்கிறது. குடிவர முன்னமே குறை தெரிந்திருந்தாலும் உரிமையாளர் கடமை மாறாது என்று 20(2) சொல்கிறது. இதற்கு நல்ல முன்னுதாரணம் பனி வழக்கு. பனி அள்ளுவது வாடகைக்காரர் வேலை என்று லீஸில் எழுதியிருந்தது. வாடகைக்காரர் வழுக்கி விழுந்தார். 2009இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாசகம் செல்லாது என்றது. பராமரிப்பு உரிமையாளர் கடமை. வாடகைக்காரரைக் கொண்டு செய்விப்பதானால், லீஸிலிருந்து பிரித்து நிற்கக்கூடிய, கைம்மாறு உள்ள தனி உடன்பாடு வேண்டும். உங்கள் பின்தாளில் அப்படி ஏதாவது வாடகைக் கழிவு எழுதியிருக்கிறதா?

தறப்பாள்:
ஒரு சதமும் இல்லை. வாடகை ஊர் விலைதான்.

ஏஜக்ஸ்_அன்ரி:
எல்லாரும் வீட்டுக்காரனைப் பிடிச்சுத் தின்னுறியள். நானும் ஒரு வீடு வாடகைக்கு விட்டிருக்கிறன், மற்றப் பக்கத்தையும் கேளுங்கோ.

குடிவந்த அண்டைக்கே ஒரு பெட்டி பில்டர் வாங்கிக் குடுத்தன். எப்பிடி மாத்துறது எண்டு செய்தும் காட்டினன். அடுத்த தையில நடுச்சாமம் போன் வருது, "அன்ரி ஹீட் வேலை செய்யேல்லை". ஆள் பிடிச்சு அனுப்பினா, பில்டர் அடைச்சு ஃபேர்னஸ் சூடேறி தானா நிண்டுபோச்சு. நான் வாங்கிக் குடுத்த பெட்டி பிரிக்காமல் அலமாரிக்குள்ள இருக்கு. அவசரக் கூலி ஆர் கட்டினது? நான். நாளாந்தம் மீன் பொரியல், வெள்ளிக்கிழமை சாம்பிராணி, அடுப்புக்கு மேல இருக்கிற ஃபானைப் போடுறதே இல்லை. டக்ட் ஊத்தையாகாமல் என்ன செய்யும்?

கரிக்கை:
நான் காஸ் டெக்னீஷியன், ஜி2 லைசன்ஸ். கன வருசமா ஸ்காபரோ, பிக்கரிங், ஏஜக்ஸ் பேஸ்மன்டுகளுக்குள்ளதான் சீவியம். ரெண்டு பேரும் ரெண்டு வேற விஷயத்தைக் கதைக்கிறியள்.

பில்டர் வேற, டக்ட் வேற. வீட்டுக் காத்து சுவரில இருக்கிற பெரிய கிறில்லால, அதாவது ரிட்டர்னால, உள்ள இழுபட்டுக் கீழ வரும். ஃபேர்னஸுக்குள்ள போக முதல் பில்டரைத் தாண்டும். சூடாகி மற்றப் பக்கத்தால தரையில இருக்கிற சின்ன வென்ட்டுகளுக்குப் போகும், அது சப்ளை. அதால சாதாரண வீட்டுத் தூசி கூடச் சேருறது ரிட்டர்ன் பக்கத்திலதான். பில்டரை ஒழுங்கா மாத்தினா சப்ளை பக்கம் பெரிசா ஊத்தை ஏறாது. அன்ரி சொல்லுற சாம்பிராணியும் பொரியலும் ரிட்டர்னுக்கும் பில்டருக்கும் வரும். சப்ளை வென்ட்டுக்குள்ள டிரைவோல் துண்டும் ஆணியும் கொண்டுவந்து போடாது.

தம்பிக்கு ரெண்டு வழியால வந்திருக்கும். ஒண்டு, வேலை செய்தவை மூடியைத் திறந்துவிட்டு மேல இருந்து கூட்டித் தள்ளினது. மற்றது, சாண்டிங் நடக்கேக்க கீழ ரிட்டர்ன் வாயை பிளாஸ்டிக் போட்டு மூடாமல் ஃபேர்னஸ் ஃபானை ஓட விட்டது. டிரைவோல் தூள் சரியான மெல்லிசு, மலிவான பில்டரைத் தாண்டிப் போயிடும். பில்டர் சிலொட்டுக்கு மூடி இல்லாத பழைய ஃபேர்னஸ் எண்டா பில்டரைத் தாண்டத் தேவையே இல்லை, பக்கத்தால பூந்து போகும்.

இன்னொண்டு. அந்தக் காலத்துப் பங்களோவுகளில ரிட்டர்ன் முழுக்கத் தகரக் குழாய் இல்லை. தளத்து மரச் சட்டம் ரெண்டுக்கு இடையில இருக்கிற வெளியை அடியில ஒரு தகரம் அடிச்சு மூடி, அதையே காத்து வழியா விட்டிருப்பினம். பேஸ்மன்ட் சீலிங்கைக் கழட்டி வேலை செய்தா அதுக்குள்ள என்னவும் விழும். ஒருக்கா நான் ஒண்டைத் திறக்க மரத்தூளோட முழுப் பியர் ரின் ஒண்டு வந்தது, திறக்காதது.

கீழ போய் பில்டரை ஒருக்கா இழுத்துப் படம் போடுங்கோ தம்பி.

மூக்குப்பொடி:
டக்ட் கிளீனிங் எண்ட வார்த்தையைக் கேட்டாலே எனக்குச் சிரிப்பு வரும். "சேர், உங்கட ஏரியாவில எங்கட ட்ரக் நிக்குது, முழு வீடும் 99 டொலர்" எண்டு போன் வராத கனடாத் தமிழன் இருக்கிறானோ? உந்தத் தொலைபேசி வியாபாரத்துக்காக டக்ட் கொம்பனிகளுக்குக் கனடாவின்ர தொலைத்தொடர்பு ஆணையம் சிஆர்டிசி அபராதம் போட்டதும் நடந்திருக்கு. கதவு தட்டி விக்கிறதையும் ஒன்ராறியோ 2018 மார்ச் 1இல இருந்து தடை செய்துபோட்டுது. ஃபேர்னஸ், ஏசி, தண்ணி ஹீட்டர் இருக்கிற அதே பட்டியலில டக்ட் கிளீனிங்கும் இருக்கு. நீங்கள் கூப்பிடாமல் வந்து கையெழுத்து வாங்கினா அந்த ஒப்பந்தம் செல்லாது.

சுகாதாரக் கதைக்கு வருவம். அமெரிக்காவின்ர சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் ஈபிஏ 1997இல ஒரு கையேடு போட்டுது. டக்ட் கிளீன் பண்ணுறதால நோய் தடுக்கப்படுது எண்டு நிரூபிக்கப்படேல்லை, வருசா வருசம் செய்யத் தேவையில்லை, தேவை வந்தா மட்டும் செய்யுங்கோ எண்டு எழுதினவை. இஞ்ச எங்கட அரசாங்க வீடமைப்பு நிறுவனம் சிஎம்எச்சியும் வீடுகளில அளந்து பார்த்திட்டு, கிளீன் பண்ண முன்னமும் பின்னமும் காத்தில இருக்கிற தூசியில பெரிய வித்தியாசம் இல்லை எண்டுதான் சொன்னது. அதால "வருசம் ஒருக்கா" எண்டு லீஸில எழுதினதே வெறும் பம்மாத்து. தன்ர சொந்த வீட்டில அந்த மனுசன் வருசா வருசம் செய்யிறாரோ எண்டு கேளுங்கோ.

தறப்பாள்:
அப்ப நான் செய்விக்கத் தேவையில்லை எண்டோ சொல்லுறியள்?

மூக்குப்பொடி:
இல்லை, உங்களுக்குத் தேவை. அதே கையேட்டில மூண்டு விதிவிலக்கு இருக்கு. உள்ளுக்குக் கண்ணால தெரியிற பூஞ்சணம். எலி, பூச்சி குடியிருக்கிறது. மூண்டாவது, தூசியும் குப்பையும் அடைச்சு, வென்ட்டால வீட்டுக்குள்ள வாறது. நீங்கள் மூண்டாவது. நான் சிரிச்சது காரணமில்லாமல் செய்விக்கிறவையைப் பார்த்து.

தறப்பாள்:
கரிக்கை அண்ணை, கீழ்வீட்டு அக்காட்டைக் கேட்டு உள்ள போய் இழுத்துப் பார்த்தன். 16க்கு 25க்கு 1 இஞ்சி எண்டு பில்டரின்ர ஓரச் சட்டத்தில போட்டிருக்கு. நடுப்பக்கம் உள்வாங்கி வளைஞ்சு, ஒரு பக்கம் சாம்பல், மற்றப் பக்கம் வெள்ளைப் பசை. சட்டத்தில ஆரோ மார்க்கரால திகதி எழுதியிருக்கினம், அது வேலை தொடங்க முதல் இருந்த மாசி மாசம். பில்டர் இருக்கிற இடம் பில்டரை விட ஒரு விரல் அகலம் கூட, அந்த இடைவெளியால லைட் தெரியுது.

கரிக்கை:
உது காணும். அந்த விரலளவு இடைவெளியால போனதுதான் உங்கட டிவி மேசையில கிடக்கு. படத்தை பில்டர் திகதி தெரியிற மாதிரி எடுத்து வையுங்கோ.

வளைஞ்ச பில்டரை இண்டைக்கே மாத்துங்கோ, வீட்டுக்காரரோட சண்டை முடியுமட்டும் பார்த்துக்கொண்டு இருக்காதேங்கோ. மேர்வ் எண்டது பில்டர் எவ்வளவு மெல்லிய தூசியைப் பிடிக்கும் எண்ட அளவு. கடையில மேர்வ் 13 எண்டு கண்டா நல்லதுதானே எண்டு வாங்காதேங்கோ. ஒரு இஞ்சி தடிப்பில மேர்வ் 13 போட்டா பழைய ஃபேர்னஸுக்கு மூச்சு முட்டும். மேர்வ் 8 இல்லாட்டி 11 காணும். இந்தத் தூள் அடங்குமட்டும் ஒவ்வொரு மாசமும் பாருங்கோ.

கோவைக்காரன்:
நான் மிசிசாகா. உங்க இழைய படிச்சதும் எனக்கு வயிறு எரியுது, ஏன்னா போன மாசம்தான் டவுன்ஹவுஸ் காலி பண்ணினோம். ஓனர் கடைசி மாச வாடகை டெபாசிட்ல 350 டாலர் பிடிச்சுக்கிட்டார். "உங்க நாய் முடி டக்ட் முழுக்க இருக்கு, அடுத்த டெனன்ட்டுக்கு அலர்ஜி"ன்னு சொல்றார். எங்ககிட்ட நாயே கிடையாது சார், முயல்! அதுவும் கூண்டுக்குள்ள. ரசீது கேட்டா இதுவரைக்கும் வரல. டெபாசிட்ல இருந்து இப்படி எடுக்கலாமா? ஊர்ல அட்வான்ஸ்ல பெயின்ட் காசு கழிக்கிற பழக்கம் இருக்கு, அதனால நானும் வாயைத் திறக்கல.

பிரிவு_33:
எடுக்க முடியாது. ஒன்ராறியோவில் உரிமையாளர் வாங்கக்கூடியது வாடகை டெபாசிட் மட்டும்தான், சேத டெபாசிட் இங்கே கிடையாது. அந்தப் பணத்தைக் கடைசி வாடகைக் காலத்துக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்று 106ஆம் பிரிவு சொல்கிறது. முயலோ நாயோ, சேதம் என்று அவர் நினைத்தால் போர்டில் எல்10 மனு போட்டு நிரூபிக்க வேண்டும். தானே நீதிபதியாகிக் கையில் இருப்பதைப் பிடித்துக்கொள்ள முடியாது. நீங்கள் டி1 படிவம் போட்டுத் திரும்பக் கேட்கலாம், ஒரு வருடத்துக்குள். அதற்கு முன் ஒரு மின்னஞ்சலில் இந்தப் பிரிவைக் காட்டிக் கேளுங்கள். பலர் அதிலேயே அனுப்பிவிடுவார்கள்.

ஏஜக்ஸ்_அன்ரி:
அப்ப உண்மையா நாசம் பண்ணினவைக்கு என்ன செய்யிறது? என்ர முந்தின ஆக்கள் வீட்டுக்குள்ள சிகரெட் பத்தினவை. சுவர் மஞ்சள், ஃபேர்னஸைப் போட்டா டக்ட்டால அந்த மணம் வருது. பெயின்ட் ரெண்டு தரம் அடிச்சும் போகேல்லை. என்ர காசில கழுவினன்.

பிரிவு_33:
அன்ரி, அங்கே உங்கள் பக்கம் வலு இருக்கிறது. அது 34. புகை வாசனை குழாய்க்குள் ஏறும் அளவுக்குப் போனதைச் சாதாரணத் தேய்மானம் என்று சொல்வது கடினம். குடிவரும்போது எடுத்த படங்கள், வெளியேறும்போது எடுத்த படங்கள், வேலை செய்தவரின் ரசீது, அதில் என்ன கண்டார் என்ற ஒரு வரி. இவை இருந்தால் எல்10 போடலாம், அதற்கும் ஆள் வெளியேறி ஒரு வருடம்தான் கெடு.

பில்டர் விஷயத்திலும் நீங்கள் சொன்னதை ஒதுக்க மாட்டேன். நீங்கள் வாங்கிக் கொடுத்து, முறையும் காட்டி, அவர்களுக்கு ஃபேர்னஸ் கைக்கெட்டும் இடத்திலும் இருந்து, அவர்கள் மாற்றாமல் விட்டதால் பழுது வந்தது என்றால் கவனக்குறைவு வாதம் எடுபட வாய்ப்பு உண்டு. போர்டில் விசாரிக்கும் உறுப்பினருக்கு உறுப்பினர் இதில் பார்வை வேறுபடும், அதை மறைக்கவில்லை. ஆனால் இந்தத் தம்பிக்கு ஃபேர்னஸ் இருக்கும் அறையே இன்னொரு குடும்பத்தின் வீட்டுக்குள். அங்கே போய் மாற்று என்று ஒப்பந்தம் எழுதியவரை என்ன சொல்வது?

மூக்குப்பொடி:
கோயிலில அர்ச்சனைக்குப் பேர் குடுக்கிற மாதிரி எல்லாத்தையும் அந்தப் பின்தாளில எழுதிப்போடுகினம். புல்லு வெட்டுறது, பனி அள்ளுறது, நூறு டொலருக்குக் குறைஞ்ச திருத்த வேலை எல்லாம் குடியிருக்கிறவன் தலையில. ஒரு ரியல் எஸ்டேட் ஏஜன்ட் எழுதினதை எல்லாரும் கொப்பி அடிக்கினம் எண்டுதான் நான் நினைக்கிறன்.

புதுவரவு:
நான் மாணவன், ஒரு வீட்டு பேஸ்மென்ட்ல அறை எடுத்திருக்கேன். சமையலறை மேல ஓனர் குடும்பத்தோட ஷேரிங். என் அறை வென்ட்ல இருந்து எலிப் புழுக்கை மாதிரி விழுது. நானும் இந்தப் படிவம் எல்லாம் போடலாமா?

பிரிவு_33:
உங்கள் நிலைமை வேறு. உரிமையாளரோ அவருடைய துணை, பிள்ளை, பெற்றோரோ அதே கட்டிடத்தில் வசித்து, சமையலறையோ குளியலறையோ அவர்களுடன் நீங்கள் பகிர வேண்டும் என்றால் 5ஆம் பிரிவின்படி இந்தச் சட்டமே உங்களுக்குப் பொருந்தாது, போர்டுக்கும் போக முடியாது. ஆனால் நகராட்சியின் சொத்துப் பராமரிப்பு விதி கட்டிடத்தைப் பார்க்கும், யார் எதைப் பகிர்கிறார்கள் என்று பார்க்காது. ரொறன்ரோவில் அது நகரச் சட்டக் கோவையின் 629ஆம் அத்தியாயம். 311க்கு அழைத்து எலி என்று சொல்லுங்கள்.

கரிக்கை:
தம்பி, எலி எண்டா டக்ட் கிளீனிங் முதல் வேலை இல்லை. எலி வாற ஓட்டையை அடைச்சு, எலியைப் பிடிச்ச பிறகுதான் குழாயைக் கழுவுறது. மாறிச் செய்தா ரெண்டு தரம் காசு. அதுவரைக்கும் அந்த வென்ட் மூடியைக் கழட்டிக் குடையாதேங்கோ, வெறும் வாக்குவம் போட்டு இழுத்துத் தூசியைக் கிளப்பவும் வேண்டாம்.

மேல்வீட்டுத் தம்பிக்கு முக்கியமான ஒண்டு சொல்ல மறந்துபோகாமல் எழுதுறன். பழைய பங்களோ எண்டியள். லோண்டரி அறையில தகரக் குழாய் பொருத்துற இடங்களில வெள்ளைக் கடதாசி ரேப் சுத்தியிருக்கோ பாருங்கோ. துணி மாதிரி, சாம்பல் வெள்ளையா, ஓரம் பிஞ்சு இருக்கும். அந்தக் காலத்து வீடுகளில உது அஸ்பெஸ்டஸ் ரேப்பா இருக்க நல்ல வாய்ப்பு. தொடாதேங்கோ, உரிக்காதேங்கோ. அது அசையாமல் இருந்தா பிரச்சினை குறைவு. ஆனா டக்ட் கிளீன் பண்ணுறவன் பிரஷ்ஷும் காத்துச் சவுக்கும் விட்டு அடிக்கேக்க குழாய் முழுக்க அதிரும். முதல்ல ஒரு துண்டை லாப்பில சோதிக்கச் சொல்லி வீட்டுக்காரருக்கு எழுத்தில குடுங்கோ. உதைப் பார்க்காமல் வேலையைத் தொடங்கிற கொம்பனியை வாசலாலயே திருப்பி அனுப்பலாம்.

வேலை எப்பிடி நடக்க வேணும் எண்டா: வெளியில ட்ரக்கிலயோ பெரிய பெட்டியிலயோ வாக்குவம். தடிச்ச குழாயை ஃபேர்னஸுக்குக் கிட்ட மெயின் டக்ட்டில துளை வெட்டி மாட்டுவினம். மேல எல்லா வென்ட்டையும் மூடிப்போட்டு, ஒவ்வொண்டா திறந்து காத்தடிச்சுக் குப்பையை வாக்குவம் பக்கம் தள்ளுவினம். ரிட்டர்ன் வேற, சப்ளை வேற, ரெண்டும் செய்ய வேணும். முடிஞ்சாப் பிறகு வெட்டின துளையைத் தகரம் வைச்சு மூடி அடைப்பினம். ஒரு வீட்டுக்குச் சில மணித்தியாலம் செல்லும். அரை மணித்தியாலத்தில முடிச்சிட்டன் எண்டு வந்து, "பூஞ்சணம் இருக்கு, மருந்தடிக்க இன்னும் 300" எண்டு கேட்டா அவன் கிளீன் பண்ண வரேல்லை. அவையை ஃபேர்னஸின்ர காஸ் பக்கம் கை வைக்கவும் விடாதேங்கோ, அதுக்கு லைசன்ஸ் வேற.

காசு கொஞ்சம்தான் இருக்கு எண்டா நான் டக்ட்டை விட உடுப்புக் காயவைக்கிற டிரையரின்ர குழாயைத்தான் முதல்ல பார்ப்பன். பஞ்சு அடைச்சா நெருப்பு. டிரையருக்குள்ள இருக்கிற வலையைத் துடைக்கிறது குடியிருக்கிறவையின்ர வேலை, சுவருக்குள்ளால வெளியில போற குழாய் வீட்டுக்காரரின்ர. பின்னால பளபளா எண்டு வெள்ளி நிறத்தில மடிஞ்சு கிடக்கிற மெல்லிய குழாயைக் கண்டா தகரக் குழாயா மாத்தச் சொல்லுங்கோ.

தறப்பாள்:
அண்ணை, ரேப் இருக்கு. குழாய் வளையிற ரெண்டு முழங்கையிலயும் வெள்ளையாச் சுத்தியிருக்கு. கை வைக்கேல்லை.

இனி என்ன செய்யிறது எண்டு கேக்கிறன். போர்டுக்குப் போறது எண்டு வாய் சொல்லுது, ஆனா அந்த மனுசனை ஒவ்வொரு வெள்ளியும் கோயிலில காண வேணும். மனுசியின்ர பெரியப்பாவுக்கும் தெரிஞ்ச ஆள்.

பிரிவு_33:
எழுதுவதால் யாரும் பகையாகிவிடுவதில்லை. வாட்ஸ்அப்பில் சண்டை போடுவதால்தான் ஆகிறார்கள். ஒரு மின்னஞ்சல் போதும், நாலைந்து வரி. எந்த மாதம் பேஸ்மன்டில் வேலை நடந்தது, எந்தத் திகதியிலிருந்து தூள் வருகிறது, படங்கள் இணைப்பில், பில்டர் திகதி, ரேப் படம். டக்ட்டைச் சுத்தம் செய்வதும் அதற்கு முன் ரேப்பைச் சோதிப்பதும் 20ஆம் பிரிவின்படி அவர் கடமை. எப்போது செய்வார் என்று ஒரு நியாயமான திகதிக்குள் பதில் தரும்படி கேளுங்கள். 24 மணித்தியாலத்துக்கு முன் எழுத்தில் சொன்னால் காலை 8க்கும் இரவு 8க்கும் இடையில் வேலையாட்கள் வரலாம், நீங்கள் தடை இல்லை என்றும் எழுதுங்கள். அந்தக் கடைசி வரி முக்கியம், "வர விடவில்லை" என்ற பேச்சு பிறகு வரக்கூடாது. பெரியப்பாவைப் பற்றி எதுவும் வேண்டாம்.

செய்யாவிட்டால் போர்டில் பராமரிப்புக் குறைக்கான டி6 படிவம். குறை தொடங்கி ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். போர்டு வாடகைக் குறைப்பு தரலாம், வேலையைச் செய்யச் சொல்லி உத்தரவிடலாம், அல்லது நீங்கள் செய்வித்து அவரிடம் பணம் வாங்க அனுமதிக்கலாம். உங்கள் மச்சான் சொன்னது அந்த உத்தரவு கையில் வந்த பிறகுதான் பொருந்தும். போக முன் உங்கள் பகுதி சமூகச் சட்ட உதவி மையத்தில் ஒரு தடவை காட்டுங்கள், வருமானம் குறைந்தவர்களுக்குப் பணம் வாங்க மாட்டார்கள்.

கோவைக்காரன்:
எனக்கு வேலை செஞ்சுது! 106ஆம் பிரிவுன்னு ஒரே வரி மெயில் அனுப்பினேன். "மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்"னு பதில் போட்டுட்டு 350ஐ இ-டிரான்ஸ்ஃபர் பண்ணிட்டார். முயலுக்கு கேரட் வாங்கிக் கொடுத்தாச்சு.

தறப்பாள்:
எல்லாருக்கும் நன்றி, நடந்ததை எழுதுறன். மின்னஞ்சல் போட்டன். ரெண்டு நாள் சத்தம் இல்லை. பிறகு ஞாயிறு மத்தியானம் போன் பண்ணிச் சொல்லிப்போட்டு ஆளே வந்தார். நான் ஒண்டும் கதைக்கேல்லை, வென்ட் மூடியைக் கழட்டி அவரின்ர கையில டோர்ச்சைக் குடுத்தன். குனிஞ்சு பார்த்திட்டு, "உந்தக் கொன்ட்ராக்டருக்கு நான் காசு முழுக்கக் குடுத்திட்டனே" எண்டார். என்னில கோவம் இல்லை, அவனிலதான்.

ரேப்பைச் சோதிக்கக் குடுத்தாச்சு. முடிவு அஸ்பெஸ்டஸ் எண்டுதான் வந்தது. இப்ப அதுக்குரிய ஆக்கள் வந்து முதல்ல அந்த முழங்கைகளைச் சரிக்கட்டிப்போட்டு, பிறகு டக்ட் கிளீனிங். ரெண்டும் தன்ர செலவு எண்டு எழுத்தில தந்திட்டார். அதுவரைக்கும் புதுப் பில்டர் போட்டு, இடைவெளியை அடைச்சிருக்கிறம். தூள் பாதிக்குப் பாதி குறைஞ்சிட்டுது. மகளின்ர இருமல் இன்னும் இருக்கு, அதை டொக்டரோட பார்க்கிறம்.

பில்டர் மட்டும்தான் இழுபறி. அவர் வாங்கித் தாறாராம், மாத்துறது நானாம். நான் கேட்டன், கீழ்வீட்டுக் கதவைத் தட்டி உள்ள போறதுக்கு நான் ஆர் எண்டு. கீழ்வீட்டு அக்கா மாத்துறன், எனக்கு மாசம் பத்து டொலர் குறையுங்கோ எண்டு கேட்டிருக்கிறா. யோசிச்சுச் சொல்லுறன் எண்டிட்டுப் போயிட்டார்.

பிரிவு_33:
அந்தப் பத்து டொலரைக் கொடுத்து, அதை லீஸுக்குள் செருகாமல் தனித் தாளில் எழுதச் சொல்லுங்கள். பனி வழக்கில் நீதிமன்றம் சொன்ன தனி உடன்பாட்டுக்குக் கிட்ட வருவது அதுதான். அவருக்கும் நல்லது.

கரிக்கை:
அக்காவுக்குச் சொல்லுங்கோ, பில்டர் சட்டத்தில இருக்கிற அம்புக்குறி ஃபேர்னஸைப் பார்க்க வேணும். மாத்தின திகதியையும் எழுதி விடச் சொல்லுங்கோ. கழட்ட முதல் சுவிட்சை நிப்பாட்ட வேணும்.

ஏஜக்ஸ்_அன்ரி:
சரி சரி, நானும் தனித் தாள் எழுதுறன். டக்ட் கிளீனிங் ரசீதை வரிக்கு எங்க போடுறது? அதையும் ஆராவது சொல்லுங்கோவன்.

பிரிவு_33:
வருமான வரியின் டி776 படிவம், வாடகை வருமானம் காட்டுவது. பராமரிப்பும் திருத்தமும் அதில் 8960 என்ற எண்ணுள்ள வரியில். ரசீதில் வீட்டு முகவரி இருக்கட்டும்.